மூல வைகைச் சரிவில் மழைநீரை நிறுத்தும் முறை

தேனி மாவட்டத்தில் மேகமலைக்கு இருபுறமும் இரு பள்ளத்தாக்குகள் உள்ளன. மேற்கே கம்பம் பள்ளத்தாக்கிற்கு 1895 முதல் பெரியாறு அணை நீர் வருகிறது. அங்கு 14,707 ஏக்கர் இருபோக நெல் நிலம் அந்த நீரை நம்பியுள்ளது. கிழக்கே வருசநாட்டிற்கு வெளியிலிருந்து வரும் நீர் கிடையாது. வைகை பிறக்கும் இடமே அதுதான். ஆனாலும் மூல வைகை ஆண்டில் பல மாதம் மணலாகவே கிடக்கிறது.

இதற்கு மழைக்குறைவு மட்டும் காரணமல்ல. காடாக இருந்த சரிவில் சருகும் வேரும் மழைநீரை மண்ணுக்குள் இறக்கும். அந்த நீர் மாதக்கணக்கில் ஊற்றாகக் கசிந்து ஓடைக்கு வரும். காடு திருத்தி மேலும் கீழுமாக உழுத நிலத்தில், துளி விழுந்ததும் மேல்மண் இறுகி, நீர் மண்ணோடு சேர்ந்து ஓடிவிடும். ஆற்றில் திடீரென்று வெள்ளம் வரும். சில நாளில் வடிந்துவிடும். மயிலாடும்பாறை, கடமலைக்குண்டுப் பக்கத்துக் கிணறுகளில் ஊற நேரமிருக்காது. கோடையில் மீன்கள் தங்கும் மடுக்களும் மணலால் மேடிட்டுப் போகும்.

அடித்துச் செல்லும் மண் 1959-ல் திறக்கப்பட்ட வைகை அணையில் படிகிறது. அளவுகோல் முழுக் கொள்ளளவான 71 அடியைக் காட்டினாலும், வண்டல் படிந்த அளவுக்கு உள்ளே நீர் குறைவுதான்.

மேகமலைக் காடு சரணாலயமாகவும், 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலைப் புலிகள் காப்பகத்தின் பகுதியாகவும் அறிவிக்கப்பட்டது. அதற்குக் கீழே உள்ள மானாவாரிச் சரிவுகள் விவசாயிகளின் கையில்தான் உள்ளன.

சரிவு நிலத்தைக் குறுக்கே உழுவது முதல் வேலை. மட்டம் பார்க்க விலையுயர்ந்த கருவி தேவையில்லை. சம நீளமுள்ள இரு கம்புகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு பிணைத்து, உச்சியிலிருந்து கல் கட்டிய கயிற்றைத் தொங்கவிட வேண்டும். கயிறு குறுக்குக் கம்பின் மத்தியில் நின்றால் இரு கால்களும் ஒரே மட்டம். இப்படியே கால் மாற்றிச் சென்று முளை அடித்தால் சமமட்டக் கோடு கிடைக்கும். கண்மட்டத்தில் வரப்பு போடுவது ஆபத்து. தாழ்ந்த இடத்தில் நீர் சேர்ந்து உடைத்தால், வரப்பே இல்லாத நிலத்தைவிடச் சேதம் அதிகம்.

நிலம் ஒன்று முதல் இரண்டு மீட்டர் இறங்கும் இடத்திற்கு ஒரு வரிசையாக வெட்டிவேர் நடலாம். தூருக்குத் தூர் அரை அடிக்குள் இருக்க வேண்டும். இடைவெளி விட்டால் அந்தச் சந்திலேயே அரிப்பு தொடங்கும். இலவந்தோப்பில் தரையைச் சுத்தமாகச் செதுக்கி வைப்பது நல்லதல்ல. உதிர்ந்த இலை கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும்.

வாரிகளில் கல் தடுப்பை மேலிருந்து தொடங்கிக் கீழே வர வேண்டும். மேல் நிலத்துக்காரர் சேராமல் கீழே மட்டும் கட்டினால் முதல் பெருமழையில் கல் உருண்டுவிடும். ஓடைக்கரை வரை உழாமல் நாணல், புங்கம், மருது நிற்க ஓரம் விட வேண்டும்.

கோடு போடும் வேலையைப் புரட்டாசிக்குள் முடித்து, ஐப்பசி மழை ஈரத்தில் தூர்களை நடலாம். முதல் ஆண்டு ஆடு மாடு கடிக்காமல் காத்து, பட்டுப்போன தூர்களுக்குப் பதில் அடுத்த மழையிலேயே வேறு நட வேண்டும்.