சிறுநீரில் காரணம் தெரியுமா?

கேள்வி: எங்கள் பக்கம் சீனி வருத்தம், பிரஷர் இல்லாத கமக்காரருக்கும் சிறுநீரகம் பழுதாகிறது. சிறுநீரிலுள்ள நூற்றுக்கணக்கான பொருட்களை ஒரே தடவையில் அளந்தால் காரணம் பிடிபடுமா?
— வாசகர், ஒட்டுசுட்டான்

பதில்: தடயம் கிடைக்கும், காரணம் லேசில் பிடிபடாது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் இனங்காணப்பட்ட இந்நோய்க்கு இன்றுவரை ஒற்றைக் காரணம் உறுதியாகவில்லை. அனுசேபப் பொருட்களை, அதாவது உடலின் இரசாயன மாற்றங்களில் உருவாகும் பொருட்களை, அளக்கும் கருவிகள் கெட்டியானவை. கவனம் வேண்டியது கணக்கில்தான். 1,000 பொருட்களை நோயாளியிலும் சுகதேகியிலும் ஒப்பிட்டால், உண்மையில் வேறுபாடே இல்லாவிட்டாலும் 5 சதவீத அளவுகோலில் சுமார் 50 பொருட்கள் வேறுபட்டவையாக வந்து நிற்கும். அதைத் திருத்தாத முடிவை நம்பாதீர்கள்.

வயலில் வியர்த்து வந்தவரின் சிறுநீர் செறிவாக இருக்கும். அதைச் சரிசெய்ய, அளவுகளைச் சிறுநீரில் வெளியேறும் கிரியற்றினின் என்ற கழிவுப்பொருளின் அளவால் வகுப்பது வழக்கம். ஆனால் சிறுநீரகம் பழுதானவரில் கிரியற்றினின் வெளியேற்றமே மாறிவிடுகிறதே! ஒப்பிடும் சுகதேகியும் அதே வயலில் வேலை செய்து, அதே கிணற்றுத் தண்ணீர் குடிப்பவராக இருக்க வேண்டும். கொழும்பு அலுவலகத்தவரோடு ஒப்பிட்டால் தெரிவது தொழில் வித்தியாசம்தான். நோய் முற்றியவரில் மாறியிருக்கும் பொருள் நோயின் விளைவாகவும் இருக்கலாம். நோயில்லாதவர்களை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து பார்த்தால்தான் அது தெளியும்.

ஆய்வாளர் மாதிரி கேட்டு வந்தால் கொடுங்கள். முடிவை ஊருக்கும் வந்து சொல்லச் சொல்லுங்கள். அதுவரை காத்திராமல், அரச வைத்தியசாலையில் இரத்தக் கிரியற்றினின் பார்த்துக்கொள்ளுங்கள்.