சட்டம் திருந்தினால் போதுமா?

சென்னை மாநகராட்சி மன்றம் 1973-ல் கலைக்கப்பட்டது. 1996 வரை தேர்தல் நடைபெறவில்லை. 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-வது அரசியல் சட்டத் திருத்தம், மன்றத்தின் ஐந்தாண்டுக் காலம் முடியுமுன் தேர்தல் நடத்தப்பட வேண்டும் என விதித்தது. எனினும் இடஒதுக்கீட்டு வழக்காலும் வார்டு வரையறைத் தாமதத்தாலும், 2016 முதல் 2022 வரை மறுபடியும் தனி அதிகாரியின் நிர்வாகமே நிலவியது. மயிலாப்பூரிலோ தியாகராய நகரிலோ அடையாற்றிலோ தெருவிளக்கு அணைந்தால், பொறுப்புக் கேட்க அப்போது கவுன்சிலர் இருக்கவில்லை.

2022-ல் வார்டுக் குழு, பகுதி சபை விதிகள் பிறந்தன. பகுதி சபை, நமது சங்கத்தின் மகாசபையை ஒத்தது. அங்கத்தினர் வராத மகாசபையில் கணக்கு கேள்வியின்றி நிறைவேறுவதை நாம் அறிவோம். ஆதலின் உங்கள் வார்டில் சபை கூடும் நாளை விசாரித்தறிந்து, தவறாது சென்று, குறைகளைப் பதிவு செய்யுங்கள். சட்டத்துக்கு உயிரூட்டுவது அந்த வருகையே.