வைக்கோல் கட்ட எத்தனை எச்.பி. வேணும்?

அறுவடை மெஷின் வந்த பிறகு வைக்கோல் வயலிலேயே சிதறிக் கிடக்கிறது. ஒரு மழை பெய்தால் மாட்டுக்கும் ஆகாது, விலைக்கும் போகாது. அதனால்தான் வைக்கோல் கட்டும் பேலருக்கு இத்தனை கிராக்கி. "தம்பி, நீ மெக்கானிக்கல் படிக்கிறியே, எத்தனை எச்.பி. டிராக்டர் வாங்கலாம்?" என்று பெரியப்பா கேட்டார். கடனில்தான் வாங்கணும். அவருக்குப் போட்டுக் காட்டிய கணக்கு இதோ.

பேலருக்கு 'பி.டி.ஓ. 30 எச்.பி., 540 ஆர்.பி.எம்.' தேவை என்று வைத்துக்கொள்வோம். டிராக்டர் விளம்பரத்தில் போடுவது என்ஜின் எச்.பி. அதில் பி.டி.ஓ. தண்டுக்கு வந்து சேருவது சுமார் 85 சதவீதம்தான். ஆக, 30 ÷ 0.85 = 35 எச்.பி.

இதோடு முடிந்ததா? இல்லை! பேலரை இழுக்கணும். ஈர வயல், காயாத வைக்கோல் எல்லாமே கூடுதல் பாரம். அதற்கு 20 சதவீதம் சேர்த்தால் 42. எனவே 45 எச்.பி. வண்டி சரியாக இருக்கும். 35 எச்.பி. வாங்கினால், வைக்கோல் கனமாக வரும் இடத்தில் என்ஜின் திணறும், 540 சுற்று குறையும், பேலர் அடைத்துக்கொள்ளும். 60 எச்.பி. வாங்கினாலோ தவணையும் டீசலும் வீண்.

முறுக்குவிசையையும் பாருங்கள்: 30 × 746 × 60 ÷ (6.28 × 540) = 396 நியூட்டன் மீட்டர். வேட்டி நுனி மாட்டினால் ஆளையே சுருட்டிவிடும்! தண்டுக்கு மூடி கட்டாயம் வேணும். அடைப்பு எடுக்கணுமா? முதலில் என்ஜினை நிறுத்துங்கள், பிறகு இறங்குங்கள். இதை உங்க ஊர் டிரைவர் அண்ணன்களுக்கும் சொல்லுங்கள்.