‘இன்ஸ்கிரைப்’: ஒரு வினைச்சொல், மூன்று பாடவேளைகள்

‘இன்ஸ்கிரைப்’ என்ற ஆங்கில வினைச்சொல்லுக்குப் ‘பொறி’, ‘செதுக்கு’ என்று மாணவர்கள் பொருள் எழுதிக்கொள்கிறார்கள். சிக்கல் அடுத்தடுத்த பாடவேளைகளில்தான் எழுகிறது. கணிதத்தில் ‘இன்ஸ்கிரைப்டு சர்க்கிள்’ வருகிறது. சமூக அறிவியலில், தஞ்சைப் பெரிய கோயில் 1987இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ‘இன்ஸ்கிரைப்’ செய்யப்பட்டது என்று வருகிறது. வட்டத்தை யாரும் செதுக்கவில்லை; பட்டியலையும் செதுக்கவில்லை. ஆங்கிலத்தைப் பள்ளியில் மட்டுமே கேட்கும் பிள்ளைக்கு அந்த வாக்கியம் முழுவதுமே புரியாமல் போகிறது.

எனவே, பொருளுக்கு முன் வேரைச் சொல்லித் தருகிறேன். லத்தீனில் ‘இன்’ என்றால் உள்ளே அல்லது மேலே. ‘ஸ்க்ரிபெரே’ என்றால் எழுதுதல். ஒன்றின் மேலோ உள்ளேயோ எழுதுவதுதான் அடிப்படைப் பொருள். அதிலிருந்து நான்கு பயன்பாடுகளும் கிளைக்கின்றன.

1. கல், உலோகம் போன்றவற்றில் எழுத்தைப் பொறித்தல். ‘இன்ஸ்கிரிப்ஷன்’ என்றால் கல்வெட்டு.

2. நூலின் முன்பக்கத்தில் பெயரோ வாழ்த்தோ எழுதிக் கொடுத்தல். இங்கே உளி இல்லை; பேனாதான். ‘என்கிரேவ்’ என்றால் வெட்டியே ஆக வேண்டும். ‘இன்ஸ்கிரைப்’புக்கு அது கட்டாயமில்லை.

3. ஒரு வடிவத்துக்குள் இன்னொன்றைத் தொடும்படி வரைதல். முக்கோணத்தின் மூன்று பக்கங்களையும் தொடும் உள்வட்டம் இதற்கு எடுத்துக்காட்டு.

4. அதிகாரப்பூர்வப் பட்டியலில் பெயர் சேர்த்தல்.

முதல் பொருளையும் நான்காம் பொருளையும் ஒரே பொருளில் காட்டப் புதுச்சேரியிலேயே சான்று உண்டு. 1955இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் சைவ ஓலைச்சுவடிகள் பாதுகாக்கப்படுகின்றன. எழுத்தாணியால் ஓலையில் கீறி, மை தடவித் துலக்கிய எழுத்துகள் அவை. புதுச்சேரியின் சைவச் சுவடிகள் 2005இல் யுனெஸ்கோவின் ‘உலக நினைவகம்’ பதிவேட்டில் இடம்பெற்றன. ஓலையில் எழுத்து பொறிக்கப்பட்டது. பதிவேட்டில் ஓலை சேர்க்கப்பட்டது. இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே வினைதான்.

நம் ஊருக்கே உரிய ஓர் எச்சரிக்கையும் தேவை. பிரெஞ்சில் ‘அன்ஸ்க்ரிப்சியோன்’ என்றால் கல்வெட்டு மட்டுமன்று, பள்ளிச் சேர்க்கைப் பதிவும்தான். வீட்டில் பிரெஞ்சு புழங்கும் பிள்ளைகள் சேர்க்கைக்கு ஆங்கிலத்திலும் ‘இன்ஸ்கிரைப்’ என்று எழுதக்கூடும். அங்கே ‘என்ரோல்’ அல்லது ‘அட்மிட்’ என்பதே பொருந்தும்.

வாக்கிய அமைப்பில் இரு வழிகள் உள்ளன. பெயரைக் கல் மீது பொறித்தார் என்றால் ‘ஆன்’ வரும். கல்லில் பெயரைப் பொறித்தார் எனக் கல்லை முதன்மைப்படுத்தினால் ‘வித்’ வரும்: ‘இன்ஸ்கிரைப்டு தி ஸ்டோன் வித் எ நேம்.’ நூலின் உள்ளே எழுதும்போது ‘இன்’. பாடநூல்களில் செயப்பாட்டு வினையாகவே இது மிகுதியும் வருவதால் அந்த வடிவில் கூடுதல் பயிற்சி தரலாம்.

உப்பளத்திலிருந்து கடற்கரைச் சாலை தொலைவில் இல்லை. அங்குள்ள பிரெஞ்சுப் போர் நினைவுச்சின்னம், முதல் உலகப் போரில் உயிர்நீத்த பிரெஞ்சிந்திய வீரர்களுக்கானது. அங்கே மாணவர்களை அழைத்துச் சென்று, எழுத்துகள் கல்லில் வெட்டப்பட்டவையா, தனியே செய்து பதிக்கப்பட்டவையா என்று பார்க்கச் சொல்லலாம். கண்டதை ஆங்கிலத்தில் இரண்டு வாக்கியங்களாக எழுதட்டும். திரும்பியதும் கணித ஆசிரியர் உள்வட்டத்தையும், சமூக அறிவியல் ஆசிரியர் பாரம்பரியப் பட்டியலையும் அதே வாரத்தில் எடுத்தால், ஒரு சொல்லை மூன்று பாடங்களில் மூன்று முறை புதிதாக மனப்பாடம் செய்யும் சுமை பிள்ளைகளுக்குக் குறையும்.