ஒரு குளம் போதும்

என்னிடம் வரும் முதுகலை மாணவர்கள் சொல்லும் தலைப்புகள் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்: ‘கன்னியாகுமரி மாவட்டத்தில் நீர்ப்பாசனம் – ஓர் ஆய்வு’, ‘நாஞ்சில் நாட்டின் சமூக, பொருளாதார வரலாறு’. நாகர்கோவிலில் வரலாறு கற்பித்த காலம் முழுக்க நான் அவர்களிடம் திருப்பிக் கேட்டது ஒன்றுதான். எந்த ஊர், எந்தக் குளம், எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை? இதற்குப் பதில் சொல்லிவிட்டால் வேலையில் பெரும்பகுதி முடிந்தது.

எல்லையை முதலில் வரையறுத்துக்கொள்ளுங்கள். 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்தபோது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் இருந்தவை அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு என்ற நான்கு தாலுகாக்கள். நாஞ்சில் நாடு என்று பழையவர்கள் சொன்னது முதல் இரண்டைத்தான். தலைப்பில் ‘நாஞ்சில் நாடு’ என்று போட்டுவிட்டு, உள்ளே மார்த்தாண்டத்து ரப்பரைப் பற்றி எழுதினால் தேர்வாளர் அங்கேயே பேனாவை எடுத்துவிடுவார்.

தோவாளைப் பக்கத்துக் குளம் ஒன்றைப் பற்றிய கட்டுரை என் மேசைக்கு வந்தது. நடை நன்றாகவே இருந்தது. மூன்றாம் பக்கத்தில் ‘இங்கு குறுவை, சம்பா என இரு போகம்’ என்று ஒரு வரி. இந்த மண்ணில் இருபோகத்துக்கும் பெயர் கன்னிப்பூ, கும்பப்பூ. குறுவையும் சம்பாவும் தஞ்சாவூரைப் பற்றிய ஏதோ ஒரு நூலிலிருந்து இறங்கி வந்திருக்கின்றன. அந்த மாணவி பிறந்ததே வயற்காட்டு ஊரில்தான், அவள் தாத்தாவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். கட்டுரையை மூடி வைத்துவிட்டு, குளக்கரைக்குப் போய்விட்டு வரச் சொன்னேன்.

போனாள். கடைவரம்பில் பயிர் செய்யும் பெரியவர் ஒருவர் அவளிடம் சொன்னதை அப்படியே நோட்டில் எழுதி வந்தாள்: “மக்ளே, அணை தொறந்த தேதிய பேப்பரப் பாத்து எழுதிக்கிடலாம். எங்க வயலுக்கு வெள்ளம் வந்த தேதிய எங்ககிட்டதான் கேக்கணும்.” 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையைப் பற்றி எழுதியவர்கள் எத்தனையோ பேர். ஆனால் அணைக்கும் கடைவரம்புக்கும் நடுவே தண்ணீர் எத்தனை நாள் நிற்கிறது, எந்த மடையில் நிற்கிறது, ஏன் நிற்கிறது என்பது ஒரு குளத்தை எடுத்துக்கொண்டவருக்கு மட்டுமே கிடைக்கிற கேள்வி. அவள் கட்டுரை அந்தக் கேள்வியில்தான் உயிர் பெற்றது. பெரியவர் சொன்னதை ஊரில் இன்னும் சிலரிடமும் பொதுப்பணித் துறைப் பதிவேட்டிலும் ஒத்துப் பார்த்த பிறகே அதைச் சான்றாக வைத்தாள். வாய்மொழி என்பதற்காகத் தள்ளவும் கூடாது, பெரியவர் சொன்னார் என்பதற்காக அப்படியே விழுங்கவும் கூடாது.

ஒரே ஒரு இடத்தை எடுத்தால் கட்டுரைக்குச் சரக்குப் போதுமா என்று பயப்படுகிறவர்களுக்கு நான் கே.கே. பிள்ளையின் சுசீந்திரம் நூலைக் காட்டுவேன். 1953-இல் வந்தது. எழுதியவர் நம் மாவட்டத்துக்காரர். எடுத்துக்கொண்டது ஒரே ஒரு கோயில். அதற்குள் கட்டடக்கலை இருக்கிறது, நிர்வாகம் இருக்கிறது, திருவிழா இருக்கிறது, கொதிக்கும் நெய்யில் கையை முக்கிக் குற்றத்தைத் தீர்மானித்த கைமுக்கு வழக்கம்வரை இருக்கிறது. ஒரு கோயிலை ஆழமாகப் பார்த்தவர் ஒரு சமூகத்தையே எழுதிவிட்டார்.

‘பண்டைக் காலத்தில் கல்வி சிறந்து விளங்கியது’ என்ற வாக்கியத்தை நான் கண்ட இடத்திலெல்லாம் அடித்திருக்கிறேன். முஞ்சிறையை அடுத்த பார்த்திவபுரத்தில் ஆய் மன்னன் கருநந்தடக்கன் 9-ஆம் நூற்றாண்டில் ஒரு சாலை, அதாவது வேதக் கல்விக்கூடம், அமைத்தான். அதன் செப்பேடு, அங்கே படித்த சட்டர்கள் என்னும் மாணவர்கள் 95 பேர் என்கிறது. எந்த வேதப் பிரிவுக்கு எத்தனை இடம் என்பதையும் சொல்கிறது: 45, 36, 14. திருவிதாங்கூர் தொல்லியல் வரிசையின் முதல் தொகுதியில் கோபிநாத ராவ் இதைப் பதிப்பித்திருக்கிறார். எடுத்துப் படித்தால் ‘சிறந்து விளங்கியது’ என்று எழுதவேண்டிய தேவையே இராது. யாருக்கு இடம் இருந்தது, யாருக்கு இல்லை என்று அடுத்த கேள்விக்குப் போகலாம்.

நம் மாவட்டத்தில் ஆய்வு செய்பவர்களுக்கு ஒரு கூடுதல் சிரமம் உண்டு. 1956-க்கு முன் இந்தப் பகுதி திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்ததால், அக்கால அரசு ஆவணங்களைத் தேடித் திருவனந்தபுரத்துக்கு பஸ் ஏற வேண்டும். பல மலையாளத்தில் இருக்கும், ஆண்டு கொல்லம் ஆண்டாக இருக்கும். 825-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு என்று பலரும் கண்ணை மூடிக்கொண்டு கூட்டுகிறார்கள். கொல்லம் ஆண்டு ஆகஸ்ட் நடுவில் பிறக்கிறது. அதனால் ஆகஸ்ட் நடுவிலிருந்து டிசம்பர் வரையுள்ள தேதிக்கு 824-ஐத்தான் கூட்ட வேண்டும். கொல்லம் 1099-இன் கடைசியில் வந்த பெருவெள்ளம் 1924 ஜூலையில் நடந்தது. அதே 1099-இன் முதல் மாதமோ 1923-இல் விழும். மாதம் பார்க்காமல் ஆண்டை மாற்றாதீர்கள்.

குறிப்பெடுக்கும்போதே நூல், பதிப்பு, பக்க எண் மூன்றையும் எழுதிவிடுங்கள். பிறகு தேடலாம் என்று விட்டவர்கள் கடைசி வாரத்தில் படும் பாட்டை நிறையப் பார்த்திருக்கிறேன். முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள். என்ன கண்டுபிடித்தோம் என்று தெரியாமல் முன்னுரை எழுதினால் அது மாவட்டத்தின் இயற்கை வளத்தைப் புகழ்ந்துவிட்டு நின்றுவிடும்.

திருட்டு எழுத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018 விதிகளின்படி 10 விழுக்காடு வரை ஒற்றுமை இருந்தால் தண்டனை இல்லை. 60-ஐத் தாண்டினால் ஆய்வாளரின் பதிவே ரத்தாகும். மாணவர்கள் இந்த எண்ணைக் குறைப்பதற்காகச் சொற்களை மாற்றிப் போடுகிறார்கள். மென்பொருளை ஏமாற்றலாம், கருத்து உங்களுடையது ஆகிவிடாது. இப்போது சாட்ஜிபிடி வேறு, இல்லாத நூலுக்கு ஆசிரியரும் ஆண்டும் பக்க எண்ணும் சேர்த்துக் கொடுக்கிறது. கையில் எடுத்துப் புரட்டாத நூலை அடிக்குறிப்பில் சேர்க்காதீர்கள். பணம் கட்டினால் ஒரே வாரத்தில் வெளியிடுகிறோம் என்று மின்னஞ்சல் அனுப்பும் இதழ்களுக்கும் பதில் போடாதீர்கள்.

கட்டுரை முடிந்ததும் துறை அலமாரியில் பூட்டி வைத்துவிட வேண்டாம். ஒரு பிரதியை உங்கள் ஊர் நூலகத்துக்குக் கொடுங்கள். இன்னொன்றை, உங்களுக்குத் தகவல் சொன்ன பெரியவர் வீட்டுக்கு நேரில் போய்க் கொடுத்து, அவரைப் பற்றிய பகுதியை வாசித்துக் காட்டுங்கள். தவறு இருந்தால் அவர் சொல்வார். அதைத் திருத்திவிட்டு இதழுக்கு அனுப்புங்கள்.