சத்திரம் பேருந்து நிலையத்தில் ஒரு புள்ளியியல் பாடம்

ஏழாம் வகுப்பு மூன்றாம் பருவக் கணக்குப் புத்தகத்தில் சராசரி, முகடு, இடைநிலை அளவு மூன்றும் அடுத்தடுத்து வருகின்றன. மாணவர்கள் மூன்றையும் பிழையின்றிக் கணக்கிட்டுவிடுவார்கள். எந்த இடத்தில் எதைப் பயன்படுத்துவது என்று கேட்டால்தான் வகுப்பு அமைதியாகிவிடும். கணக்கில் வரும் மதிப்பெண்ணும் உயரமும் யாருடையவோ. விடை எதுவானால் நமக்கென்ன என்று பிள்ளைகள் நினைப்பது இயல்புதானே.

எங்கள் பள்ளி ஸ்ரீரங்கத்தில் இருக்கிறது. வகுப்பில் பலர் சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கி, வேறு பேருந்து மாறி, காவிரிப் பாலம் தாண்டி வருகிறார்கள். மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து நாள்களில் சத்திரத்தில் கூட்டம் அலைமோதும். எந்த மதப் பிள்ளையாக இருந்தாலும் அந்த நெரிசலில்தான் நிற்க வேண்டும். எனவே 2026 ஜனவரியில் இந்தப் பாடத்தை வைகுண்ட ஏகாதசியிலிருந்து தொடங்கினேன்.

“ஏகாதசி வருஷத்துக்கு ஒரு தடவைதானே?” என்பது முதல் கேள்வி. எல்லோரும் ஆமாம் என்றார்கள். 2020 முதல் ஸ்ரீரங்கத்தில் சொர்க்கவாசல் திறந்த தேதிகளைத் திரட்டி வரச் சொன்னேன். பழைய காலண்டர், செய்தித்தாள், வீட்டுப் பெரியவர்கள் என்று பல வழிகளில் தேடி வந்தார்கள். 2020 ஜனவரி 6, அதே ஆண்டு டிசம்பர் 25, 2021 டிசம்பர் 14, 2023 ஜனவரி 2, 2023 டிசம்பர் 23, 2025 ஜனவரி 10, 2025 டிசம்பர் 30. ஆண்டுவாரியாக அட்டவணை போட்டதும் வகுப்பில் சலசலப்பு. 2020, 2023, 2025 ஆண்டுகளில் இரண்டிரண்டு; 2021இல் ஒன்று; 2022லும் 2024லும் ஒன்றுகூட இல்லை. “அப்போ 2023 டிசம்பர் கூட்டத்தையும் 2024 டிசம்பர் கூட்டத்தையும் ஒப்பிட்டா தப்பாயிடும்ல டீச்சர்?” என்று ஒரு மாணவன் கேட்டான். பருவம் சார்ந்த தரவைக் கையாளும் எவரும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அது.

அடுத்து, இரண்டு ஏகாதசிகளுக்கு இடையிலான நாள்களைக் கணக்கிட்டோம்: 354, 354, 384, 355, 384, 354. கூட்டல் 2185, சராசரி ஏறக்குறைய 364. முகடு 354. இடைநிலை அளவு 354.5. சராசரி ஓர் ஆண்டுக்கு மிக அருகில் வந்துவிட்டதால் பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி. “364 நாள் இடைவெளியில் ஏகாதசி எப்போது வந்தது?” என்று கேட்டேன். ஒருமுறையும் இல்லை. 364-க்குப் பத்து நாள் முன்பாகவோ இருபது நாள் பின்பாகவோதான் வருகிறது. ஏனென்று கேட்கும்போது அறிவியல் ஆசிரியரையும் அழைத்துக்கொள்ளலாம். சந்திர மாதம் ஏறத்தாழ 29.53 நாள். பன்னிரண்டு மாதம் 354 நாள். பதின்மூன்று மாதம் 384 நாள். இதற்கு மாறாக ஆடி 18 சூரியக் கணக்கு. எப்போதும் ஆகஸ்ட் 2 அல்லது 3. அங்கே இடைவெளிகளின் சராசரியை நம்பிப் பயணத்துக்கே திட்டமிடலாம்.

ஒரு குழு 2021 டிசம்பர் 14-க்குப் பதில் 2022 ஜனவரி 13 என்று எழுதி வந்தது. அதுவும் பிழையன்று. பல ஊர்க் கோயில்களில் அன்றுதான். ஸ்ரீரங்கத்தில் மட்டும் அம்முறை கார்த்திகையிலேயே வந்துவிட்டது. அந்தத் தேதியைப் போட்டுக் கணக்கிட்டால் 354, 384 என்றிருந்த இரண்டு இடைவெளிகள் 384, 354 என்று இடம் மாறுகின்றன. மூன்று அளவுகளும் துளிகூட மாறவில்லை! வரிசையை இந்த அளவுகள் பார்ப்பதேயில்லை என்பதை நான் சொல்லாமலே கண்டுகொண்டார்கள்.

முதல்நிலைத் தரவுக்காகச் சத்திரம் சென்றோம். ஏகாதசி அன்று உள்ளூர் விடுமுறை. அந்தக் கூட்டத்தில் பிள்ளைகளை நிறுத்தக் கூடாது. சாதாரண வேலைநாள் காலையில், தலைமையாசிரியர், பெற்றோர் அனுமதியுடன் சிறு குழுவாகச் சென்றால் போதும். நடைமேடையை விட்டு இறங்காமல் ஸ்ரீரங்கம் பேருந்து புறப்படும் நேரத்தைக் குறிக்க வேண்டும். திருச்சியில் தனியார் நகரப் பேருந்துகளும் ஓடுவதால், அரசா தனியாரா என்று ஒரு கட்டம் சேர்த்துக்கொண்டோம். அந்தக் கட்டம் இல்லையென்றால் இந்தப் பாடமே இல்லை.

வகுப்பில் விளக்க எளிமையாக்கிய எண்கள் இவை. 8.00 மணியிலிருந்து கவனிக்கிறோம். 8.02, 8.05, 8.16, 8.18, 8.30 என ஐந்து பேருந்துகள். இடைவெளிகள் 2, 3, 11, 2, 12. சராசரி 6 நிமிடம், இடைநிலை அளவு 3 நிமிடம். இரண்டையும் பார்த்தால் நல்ல வசதி என்றே தோன்றும். ஆனால் 30 நிமிடத்தில் 23 நிமிடம் அந்த இரண்டு நீண்ட இடைவெளிகளுக்குள் இருக்கிறது. நிலையத்துக்குள் நுழைகிறவர் அவற்றில் ஒன்றில் மாட்டிக்கொள்ளவே வாய்ப்பு அதிகம். பேருந்தை எண்ணுகிறவருக்கு ஒரு சராசரி. காத்து நிற்கிறவருக்கு வேறு.

இதற்குள் ஒரு மாணவி எழுந்து, “எனக்கு 8.05-ம் 8.30-ம்தான் டீச்சர்” என்றாள். மாணவர்களுக்கான இலவசப் பயண அட்டை அரசுப் பேருந்தில் மட்டுமே செல்லும். அட்டவணையில் அந்த இரண்டு மட்டுமே அரசுப் பேருந்து. 8.06-க்கு வந்தால் அவள் 24 நிமிடம் நிற்க வேண்டும். தாமதமாக வருகிறவர்களின் பட்டியலில் அவள் பெயர் அடிக்கடி வரும். “அடிக்கடி பஸ் இருக்கே, ஏன் லேட்?” என்று வாயிலில் கேட்கும்போது தலைகுனிந்து நிற்பாள். அன்று அவளிடம் பதில் இருந்தது. அதற்குச் சான்றாக ஓர் அட்டவணையும் இருந்தது.

குழுக்கள் தத்தம் பதிவுகளை அரசு, தனியார் என்று பிரித்து இரட்டைப் பட்டை வரைபடம் வரைந்து தலைமையாசிரியரிடம் கொடுத்தன. தாமதப் பதிவேட்டில் இப்போது ‘காரணம்’ என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் ‘ஏறிய பேருந்து, நேரம்’ என்று இன்னொரு கட்டம் இருக்கிறது. எட்டாம் வகுப்பில் நிகழ்வெண் பட்டியல் நடத்தும்போது அதையே எடுத்துக்கொள்ளப் போகிறேன்.