கல்லூரிக் கட்டுரை: யாரிடம் காட்டலாம், எப்படிக் கேட்கலாம்?

அமெரிக்கக் கல்லூரிக்கு விண்ணப்பிக்கும் பிள்ளை உள்ள வீடுகளில் ஆகஸ்ட் பிறந்தாலே கட்டுரைக் கவலை தொடங்கிவிடும். பல கல்லூரிகளுக்குப் பொதுவான காமன் ஆப் விண்ணப்பம் ஆகஸ்ட் 1 அன்று திறக்கிறது. பல கல்லூரிகளில் முன்கூட்டியே விண்ணப்பிப்பவர்களுக்கு நவம்பர் 1 கடைசி நாள். தங்கள் ஊரில் செய்த தொண்டைப் பற்றி எழுதும் பிள்ளைகள் நிறையப் பேர். அப்படி எழுதியதை நாலு பேரிடம் காட்டித் திருத்திக்கொள்ள சில குறிப்புகள்:

1. கட்டுரையோடு கேள்வியையும் சேர்த்துக் கொடுங்கள். காமன் ஆப் கட்டுரைக்கு 250 முதல் 650 சொற்கள் வரை அனுமதி. கலிபோர்னியா பல்கலைக்கழகம் 8 கேள்விகள் தந்து 4-க்குப் பதில் கேட்கிறது, ஒவ்வொன்றும் 350 சொற்களுக்குள். பள்ளியையோ சமூகத்தையோ மேம்படுத்த என்ன செய்தாய் என்பது அந்த எட்டில் ஒன்று. கேள்வி தெரியாமல் படிப்பவர் நடையைப் பாராட்டிவிட்டுப் போய்விடுவார். கேட்டதற்குப் பதில் இருக்கிறதா என்று அவரால் பார்க்க முடியாது.

2. படிக்க மூன்று பேர் போதும். தொண்டு செய்த இடத்தில் கூடவே இருந்தவர் ஒருவர், அதைப் பற்றி எதுவுமே தெரியாதவர் ஒருவர், ஆங்கில ஆசிரியர் அல்லது பள்ளிக் கவுன்சிலர் ஒருவர். ஒரு கவுன்சிலருக்கு 250 மாணவர்களுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அமெரிக்கப் பள்ளிக் கவுன்சிலர் சங்கத்தின் பரிந்துரை. பல பள்ளிகளில் ஒருவருக்கு அதைவிடக் கூடுதலான மாணவர்கள் இருக்கிறார்கள். ஆகவே செப்டம்பரிலேயே கேட்டு வைப்பது நல்லது.

3. "எப்படி இருக்கு?" என்று கேட்டால் "நல்லா இருக்கு" என்றுதான் பதில் வரும். இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: படித்து முடித்ததும் எது நினைவில் நிற்கிறது? எந்த இடத்தில் சலிப்புத் தட்டியது? இதை எழுதியவன் எப்படிப்பட்ட பையன் என்று தோன்றுகிறது? மூன்றாவது கேள்விதான் முக்கியம். அதற்குப் பதில் வரவில்லையென்றால் கட்டுரை இன்னும் தயாராகவில்லை.

4. தொண்டுக் கட்டுரைகளில் பொதுவாகக் காணும் குறை, பொத்தாம்பொதுவாக எழுதுவது. "உணவு வங்கியில் ஏழைகளுக்கு உதவினேன், கொடுப்பதன் மகிழ்ச்சியை உணர்ந்தேன்" என்ற வரியை யார் வேண்டுமானாலும் எழுதலாம். அப்படி ஒரு வரி கண்ணில் பட்டால் அடித்துவிடாதீர்கள், பக்கத்தில் ஒரு கேள்வி எழுதுங்கள்: "அன்று உன் கையில் என்ன இருந்தது?" யோசித்துப் பார்த்தால் பிள்ளைக்கு ஏதாவது நினைவுக்கு வரும். காலாவதித் தேதி பார்த்து டின்களைப் பிரித்து அடுக்கியது. வரிசையில் வந்த ஒருவர் பீன்ஸ் டின்னைத் திருப்பி வைத்துவிட்டு, வளையத்தை இழுத்தால் திறக்கும் டின் இருக்கிறதா என்று கேட்டது. தங்க வீடில்லாதவரிடம் டின் ஓப்பனர் ஏது? அடுத்த வாரத்திலிருந்து அந்த வகை டின்களைத் தனி அட்டைப்பெட்டியில் எடுத்து வைத்தது. கட்டுரை இங்கேதான் இருக்கிறது. மேலே சொன்ன மகிழ்ச்சி வரியை அப்புறம் பிள்ளையே எடுத்துவிடும்.

5. உதவி பெற்றவர் இதைப் படித்தால் முகம் சுளிப்பாரா? இந்தக் கேள்வியோடு ஒருமுறை முழுதாகப் படியுங்கள். "பாவம்", "வசதியற்றவர்கள்" என்ற தொனி எங்கே வந்தாலும் குறித்துக் காட்டுங்கள். அவர்களுடைய பெயர், நோய், வீட்டு நிலவரம் எதுவும் அடையாளம் தெரியும்படி இருக்கக் கூடாது.

6. பாட்டியிடம் தமிழில் சொல்லிக் காட்டச் சொல்லுங்கள். அரைகுறைத் தமிழாக இருந்தாலும் பரவாயில்லை. என்ன நடந்தது, நீ என்ன செய்தாய், அதனால் என்ன மாறியது என்று பாட்டிக்குப் புரிந்துவிட்டால் கட்டுரைக்கு ஓட்டம் இருக்கிறது. "அப்புறம் என்ன ஆச்சு?" என்று பாட்டி கேட்கும் இடத்தைத்தான் இன்னும் விரிவாக எழுத வேண்டும்.

7. ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்ததை எழுதியிருந்தால், தமிழ் தெரியாத ஒருவர் கட்டாயம் படிக்க வேண்டும். நமக்குச் சொல்லாமலே விளங்குவது அவருக்கு விளங்காது. எந்த வரியில் நிற்கிறார் என்று பாருங்கள்.

8. கூகுள் டாக்ஸில் பகிரும்போது 'எடிட்டர்' அனுமதி தராமல் 'கமென்டர்' அனுமதி தாருங்கள். மற்றவர்கள் யோசனை சொல்லலாம், ஆனால் பிள்ளை ஏற்றுக்கொண்டால்தான் கட்டுரை மாறும்.

9. அப்பா, அம்மாவுக்கு: பேனாவைக் கீழே வைத்துவிட்டுப் படியுங்கள். ஒலிம்பியாட் பரிசு, பியானோ கிரேடு எல்லாம் கட்டுரையில் வேண்டாம். அவற்றுக்கென விண்ணப்பத்தில் 10 செயல்பாடுகள் வரை எழுதத் தனிப் பகுதி இருக்கிறது. நீங்கள் திருத்தி எழுதிய வாக்கியம் நாற்பது வயதுக்காரர் வாக்கியமாகத் தனியே தெரியும். செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்ததைத் தன் எழுத்தாகத் தருவதையும் காமன் ஆப் 2023 முதல் மோசடியாகவே கருதுகிறது. எழுத்துப்பிழையைக் காட்டலாம், கேள்வி கேட்கலாம், அத்தோடு சரி.

10. "இவ்வளவு சின்ன உதவியா?" என்று யாராவது சொன்னால் பிள்ளையின் மனம் தளர விடாதீர்கள். ஹார்வர்டு கல்வியியல் பள்ளியின் ஒரு திட்டம் 2016-ல் வெளியிட்ட 'டர்னிங் தி டைட்' அறிக்கை, தொலைதூரத்துக்குப் பறந்துபோய்ச் செய்யும் தொண்டைவிட, தொடர்ந்து மனமொன்றிச் செய்யும் தொண்டுக்கு மதிப்புத் தரச் சொல்கிறது. தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வது போன்ற வீட்டுப் பொறுப்பையும் அதில் சேர்க்கிறது. தாத்தாவை வாரந்தோறும் டயாலிசிஸுக்குக் கூட்டிப்போன பிள்ளை அதைத் தாராளமாக எழுதலாம்.

11. இருவர் நேர்மாறாகச் சொன்னால் அந்த வரியைப் பிள்ளை உரக்கப் படித்துப் பார்த்துத் தானே முடிவு செய்யட்டும். இருவரும் ஒரே இடத்தில் தடுமாறியிருந்தால் அங்கே நிச்சயம் குறை இருக்கிறது.

12. கடைசி வாரத்தில் புதிதாக யாரிடமும் காட்ட வேண்டாம். விண்ணப்பத்தில் ஒட்டிய பிறகு பிரிவ்யூவைத் திறந்து பத்தி பிரிந்திருக்கிறதா, கடைசி வாக்கியம் முழுதாக வந்திருக்கிறதா, ஒரு கல்லூரிக்கான கட்டுரையில் இன்னொரு கல்லூரியின் பெயர் தப்பித் தவறி இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள்.